புதன்கிழமையும் வரச் சொன்னவர்

அவர் பெயரை எழுதப் போவதில்லை. பிள்ளைகள் காரைக்காலில்தான் இருக்கிறார்கள். பேரன் ஒருவன் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. மில்லிலும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. எனக்கு மேஸ்திரி அண்ணன்.

எண்பத்தொன்றில், திருநள்ளாறு போகிற சாலையில் இருந்த ஒரு சின்னப் பஞ்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அன்றாடம் எவ்வளவு நூல் இறங்கியது, எவ்வளவு பஞ்சு கழிவாகப் போனது என்று நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் கூட்டி, மாதம் முடிந்ததும் மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும். தலத்தெருவிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அவருக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

முதல் நாள் என்னைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். காதுக்குள் மழை கொட்டுகிற மாதிரி இரைச்சல். கத்திப் பேசிக்கொண்டு வந்தவர் பாதிப் பேச்சில் நின்றார். முகம் வெளிறிவிட்டது. வீட்டில் யாருக்கோ மூச்சு நின்றுவிட்டதென்று சொல்லக் கேட்டவர் போல இருந்தார். என்னை அங்கேயே விட்டுவிட்டுக் கொட்டகையின் அந்தக் கோடிக்கு ஓடினார். திரும்பி வந்தபோதுதான் முகத்தில் ரத்தம் வந்தது.

"கடைசி மெஷினு நின்னுடுச்சு தங்கச்சி. ஓட்டிட்டு வந்தேன்."

அத்தனை இரைச்சலில் ஒன்று மட்டும் அடங்கியது அவருக்குக் கேட்டிருக்கிறது. எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நின்ற மெஷினைப் பார்க்க அவருக்குத் தாங்காது. அவரைப் பற்றி நான் சொல்லப்போவது எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

அவர் மகளுக்குத் திருநள்ளாற்றில் கல்யாணம். காலை ஒன்பதரைக்கு முகூர்த்தம். நாங்கள் ஐந்தாறு பேர் மில்லிலிருந்து போயிருந்தோம். பெண்ணைப் பெற்றவரைக் காணோம். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மேளக்காரர் இரண்டு தடவை வாசலை எட்டிப் பார்த்தார். முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வந்து இறங்கினார். புருவத்திலும் காதோர முடியிலும் பஞ்சுத் தூசி. காலை ஷிப்டைத் தொடங்கிவைத்துவிட்டு வந்தாராம். அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். நாங்கள் அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு வாரமும் சாயங்காலம் தவறாமல் வந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது. வந்தவுடன் தண்ணீர் பிடித்து வைப்பார், கட்டிலுக்கு அடியில் பெருக்குவார். ஒரு நாள் அந்த வார்டு ஜன்னல்கள் அத்தனையையும் ஈரத்துணி வைத்துத் துடைத்தார். "அந்தாளைக் கொஞ்சம் ஒக்காரச் சொல்லும்மா, பாக்கவே எளைக்குது" என்றார் அப்பா. நான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுப் பக்கத்துக் கட்டில்காரரின் கூஜாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

எங்கள் மில்லுக்கு வார விடுமுறை புதன்கிழமை. வியாழக்கிழமை காலையில் கொட்டகைக்குள் போனால் முகங்களே வேறு மாதிரி இருக்கும். தருமபுரத்துச் செல்வராசு வியாழக்கிழமைதோறும் எனக்கு ஒரு கதை வைத்திருப்பான். அவன் கார்டிங் மெஷினில் வேலை செய்தான். பஞ்சைச் சீவி மெல்லிய விரிப்பாக்கித் தருகிற மெஷின் அது. உள்ளே கம்பிப் பற்கள் வைத்த பெரிய உருளை சுற்றும். ஒன்பது வருஷமாக அதே மெஷின். இரண்டு பெண் குழந்தைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நண்டு பிடித்தது, நண்டு சின்னவள் பாவாடையைக் கவ்விக்கொண்டது, பெண்டாட்டி வைத்த குழம்பில் உப்பு இல்லாதது, எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவான். சில வாரம், "நேத்து ஒண்ணுமே பண்ணல தங்கச்சி. தூங்குனேன். பகல் பூரா தூங்குனேன்" என்பான். அதையும் கதை போலத்தான் சொல்வான்.

மேஸ்திரிக்குப் புதன்கிழமை என்று ஒன்று கிடையாது. அன்றைக்கும் வந்து காவலாளியிடம் சாவி வாங்கி, நின்றுகிடக்கிற மெஷின்களுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் போவார். "சும்மா இருந்தா என்னமோ பண்ணுது தங்கச்சி. நெஞ்சு அடைக்குது" என்று ஒரு தடவை சொன்னார். அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எண்பத்து மூன்றில் தீபாவளி கழிந்து பெரிய ஆர்டர் ஒன்று வந்தது. மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். மேஸ்திரியைக் கூப்பிட்டார். நான் நோட்டோடு நின்றிருந்தேன்.

"மூணு மாசத்துக்குப் புதன்கிழமையும் ஓட்டினாத்தான் முடியும். ஆளுங்க ஒத்துக்குவாங்களா மேஸ்திரி?"

"ஓட்டிடலாம் சார்."

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அதெல்லாம் வந்துருவாங்க சார்."

அவர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் மகள் கல்யாணத்தில்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆட்களைக் கூட்டிச் சொன்னார். கூடுதல் சம்பளம் உண்டு என்றும் சொன்னார். செல்வராசுதான் வாய் திறந்தான்.

"மூணு மாசம் ஒரு நாளுகூட விடாமயாண்ணே? ஒடம்பு தாங்குமா?"

"மெஷினு தாங்குதுல்ல? அது என்னிக்காச்சும் லீவு கேட்டுச்சா?"

"அது இரும்புண்ணே."

"நான் இரும்பாடா? இருவது வருஷமா வரேனே, எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? நான் வரேன். நீ வர மாட்டியா?"

செல்வராசு தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அவனுடைய முதல் குழந்தை பிறந்தபோது மழையில் நனைந்துகொண்டே வண்டி பிடித்துக் கொடுத்தவர் அவர். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் இப்படி ஏதாவது செய்திருந்தார். யாரும் மறுக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் நூல் கூடுதலாகவே இறங்கியது. மேனேஜர் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். மேஸ்திரி என் மேசைக்கு வந்து, "எவ்வளவு தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு, சொன்னதும் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மூன்றாவது வாரம் கொஞ்சம் இறங்கியது. நான்காவது வாரம் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது வாரம் கூட்டிப் பார்த்தபோது நான் தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி கூட்டினேன். ஏழு நாள் ஓட்டியும், பழைய ஆறு நாள் நூல்தான் வந்திருந்தது. ஆறாவது வாரம் அதுவும் இல்லை. கழிவுப் பஞ்சு மட்டும் மூட்டை மூட்டையாக ஏறிக்கொண்டிருந்தது.

என்ன நடக்கிறது என்று பார்க்கக் கொட்டகைக்குள் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுகிற ஆள், நாலு இழை அறுந்து பஞ்சு பறந்துகொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே நின்றிருந்தான். தோளைத் தொட்டதும் திடுக்கிட்டு என்னை யார் என்று தெரியாதவன் போலப் பார்த்தான். மெல்லிய நூல் கண்டுகளும் தடித்த நூல் கண்டுகளும் ஒரே பெட்டியில் கலந்து வெளியே போய், ஒரு லாரிச் சரக்கு திரும்பி வந்தது. ஒரு துடைப்பத்துக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பத்து வருஷம் ஒரே தூக்கில் சோறு பகிர்ந்து சாப்பிட்டவர்கள். ஆட்கள் வந்திருந்தார்கள், அவர்கள் கை வரவில்லை.

செல்வராசு கதை சொல்வதை நிறுத்திவிட்டான். நான் ஒரு வியாழக்கிழமை, "என்ன செல்வராசண்ணே, ஒண்ணும் இல்லியா?" என்று கேட்டேன்.

"இன்னிக்கு வியாழக்கெழமையா?" என்றான்.

நான் நோட்டை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். ஆறு நாள் ஓட்டிய வாரங்களை ஒரு பக்கமும் ஏழு நாள் ஓட்டிய வாரங்களை எதிர்ப் பக்கமும் எழுதி வைத்திருந்தேன். அவர் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"கணக்கு எங்கியோ தப்பு தங்கச்சி."

"மூணு தடவ கூட்டிட்டேண்ணே."

"அப்ப பஞ்சு சரியில்ல. இந்த வருஷம் வர்ற பஞ்சு பூரா குப்பை."

"பஞ்சு இல்லண்ணே. ஆளுங்க அசந்து போயிட்டாங்க. புதன்கெழமைய விட்டுட்டா பழையபடி வந்துரும். மேனேஜர்ட்ட காட்டலாம்."

அவர் நோட்டை மூடினார். மெஷின் நின்றபோது பார்த்த அதே வெளிறல்.

"ரெண்டே ரெண்டு வாரம் பொறு. நான் சரி பண்ணிடுறேன். இப்பக் காட்டுனா நிறுத்திடுவாங்க தங்கச்சி."

கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஜன்னல் துடைத்த மனிதர் என்னிடம் கெஞ்சுவதைத் தாங்க முடியாமல் சரி என்றேன். அந்த வாரத்துக் கழிவில் பாதியை அடித்து அடுத்த வாரத்தில் எழுதினேன். மேனேஜர் கேட்டதற்கு, "பரவால்ல சார், வந்துக்கிட்டுருக்கு" என்றேன். இதை இன்றுவரை என் வீட்டாரிடம்கூட நான் சொன்னதில்லை.

அந்த இரண்டு வாரம் முடியவில்லை. மார்கழிக் கடைசியில் ஒரு புதன்கிழமை, முற்பகல். செல்வராசுவின் மெஷினில் பஞ்சு அடைத்துக்கொண்டது. அவன் சுவிட்சை நிறுத்தினான். சுவிட்சை நிறுத்தினாலும் அந்த உருளை உடனே நிற்காது. தன் வேகத்தில் இன்னும் சில நிமிஷம் சுற்றும். அது முழுக்க நின்ற பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். அங்கே கூட்டிப் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. மேஸ்திரி அந்த வழியாகப் போனவர், "என்னடா நிக்குது? சட்டுனு எடுத்து ஓட்டு" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். அதட்டவில்லை. நாளைக்குப் பத்துத் தடவை எல்லோரிடமும் சொல்வதுதான்.

நான் நோட்டோடு நாலு மெஷின் தள்ளி நின்றிருந்தேன். செல்வராசு மூடியைத் திறப்பதைப் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது, ஆனால் மெஷினைப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவன் கத்தினானா என்றும் எனக்குத் தெரியாது. மறுபக்கம் விழுந்த பஞ்சு வெள்ளையாக இல்லை. அதுதான் எனக்குத் தெரியும்.

மேஸ்திரி அவனைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மேனேஜர் காருக்கு ஓடினார். தன் வேட்டியைக் கிழித்து அவன் வலது கையைச் சுற்றியிருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அவர் யாரையும் பார்க்கவில்லை. வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு அந்த மெஷினுக்குப் போனார். ஒவ்வொரு பல்லாகத் துடைத்தார். எண்ணெய் போட்டார். பன்னிரண்டரை மணிக்கு அந்த மெஷின் ஓடத் தொடங்கியது.

அன்றுதான் அவரைப் பார்த்து முதல்முதலாகப் பயந்தேன்.

செல்வராசுவுக்கு மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். விசாரணைக்குத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வரப்போவதாகத் தகவல் வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"புது நோட்டு ஒண்ணு போட்டுடும்மா. புதன்கிழமையெல்லாம் லீவுன்னு இருக்கட்டும். அந்த ஒரு நாள் மட்டும் அவசர வேலைக்கு வந்தாங்கன்னு எழுதிக்கலாம்."

அப்பா படுக்கையிலேயே இருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பளம் என்று வருவது என்னுடையது மட்டும்தான். புது நோட்டை வாங்கிவந்து மறுநாள் காலையில் வீட்டிலேயே எழுத உட்கார்ந்தேன். இரண்டு வாரக் கணக்கு எழுதியிருப்பேன், வாசலில் சைக்கிள் நின்றது. தம்பிதான் கதவைத் திறந்தான். மேஸ்திரி.

மேனேஜர்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழசைக் குடு தங்கச்சி."

"எதுக்குண்ணே?"

"குடு."

கிழித்துப் போடப்போகிறார் என்று நினைத்தும் கொடுத்தேன். கொடுத்துவிட்டால் என் கை சுத்தம் என்று ஒரு கோழைத்தனமான நினைப்பு. அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று மேனேஜர் அறையில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மேஸ்திரி யாரும் கேட்பதற்கு முன்பே பழைய நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"ஏழு நாளும் ஓட்டுனது நான்தான் சார். ஆளுங்களை வரச் சொன்னதும் நான்தான்."

"மேனேஜருக்குத் தெரியாதா?"

"அவரு ஆபீஸ்ல இருக்கறவரு. மெஷினைப் பத்தி அவருக்கு என்ன சார் தெரியும்?"

மேனேஜர் குனிந்துகொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்தேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. நோட்டைப் பிரித்து, முதல் இரண்டு வாரத்துப் பக்கத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினார்.

"பாருங்க சார். எவ்வளவு நூலுன்னு பாருங்க. இந்த மில்லுல இதுக்கு முன்னாடி இப்படி வந்ததில்ல."

அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினேன். பெருமைதான் இருந்தது. குற்றத்தை ஏற்றுக்கொள்ள அவர் வரவில்லை. அந்த ஏழு நாள் தன்னுடையது, அதை யாரும் நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது, அதற்காகத்தான் வந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் காட்டிய பக்கத்தோடு விடவில்லை. புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இதென்னம்மா அடிச்சு எழுதியிருக்கு?"

"கழிவைக் கொறைச்சுக் காட்டினேன் சார். நூல் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. தெரிஞ்சும் நான் சொல்லல" என்றேன்.

மேஸ்திரி திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. நான் ஏதோ மெஷினை நிறுத்திவிட்டது போலப் பார்த்தார்.

அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. புதன்கிழமை மறுபடி விடுமுறையானது. நான்காவது வாரம் நூல் பழைய அளவுக்கு வந்தது. ஆறாவது வாரம், ஏழு நாள் ஓட்டிய அந்த முதல் வாரத்தையே தாண்டிவிட்டது. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சுரக்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவருக்குத் தெரியவேண்டும் என்று இருந்தது. அவர் தப்பென்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கும் கொஞ்சம் பாரம் இறங்கும்.

கொல்லையில் மாட்டுக்கொட்டகையின் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். "போன மாசந்தாம்மா வேஞ்சாரு. நல்லாத்தான் இருந்துச்சு. திருப்பிப் பிரிக்கிறாரு" என்றாள் அவர் மனைவி, அவர் காதில் விழாமல். அவர் ஏணியில் நின்றபடியே தாளை வாங்கிப் படித்தார்.

"ஆறு நாள்ல வந்ததுண்ணே இது."

"புதுப் பஞ்சு வந்திருக்கும்" என்றார். தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கீற்றை இழுத்தார்.

அதன்பிறகு நாலு வருஷம் அவரைப் பார்க்கவில்லை. எண்பத்தெட்டில் காரைக்காலைச் சுற்றிப் புதிது புதிதாக ஆலைகள் வந்துகொண்டிருந்தன. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஓர் ஆலையின் வாசலில், ஒரு நாள் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். வாசல் அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். செல்வராசு. இடது கையில் பேனா வைத்திருந்தான். உள்ளே போகிற லாரிகளின் எண்ணை எழுதுகிற வேலை.

"மேஸ்திரி அண்ணந்தான் தங்கச்சி வாங்கிக் குடுத்தாங்க. இங்க அவங்கதான் எல்லாம். நான் வேண்டாம் வேண்டாம்னேன். எடதுகையால எழுதப் பழகுடான்னு வீட்டுக்கே வந்து ஒக்காத்தி வச்சுப் பழக்குனாங்க."

"புள்ளைங்க நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்கன்னு அது சொல்லுது" என்று பெண்டாட்டியைச் சொன்னான். "நான் போறப்ப தூங்குதுங்க, வர்றப்ப தூங்குதுங்க."

அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். முடி முழுக்க வெளுத்திருந்தது. மற்றபடி அதே வேகம். உள்ளே உலை இரைந்துகொண்டிருந்தது. பேசும்போதே அவர் காது அங்கேதான் இருந்தது.

"இந்த உலை நிக்கவே நிக்காது தங்கச்சி. அணைச்சா இரும்பு உள்ளயே உறைஞ்சிடும். அதனால நிறுத்தவே மாட்டாங்க." சந்தோஷமாகச் சொன்னார். "ஒன் தம்பி படிச்சு முடிச்சிருப்பானே? என்ன பண்றான்?"

"பாண்டிச்சேரிக்குப் போயிட்டாண்ணே. அங்கேயே வேலை கெடைச்சிருச்சு."

தம்பி படிப்பு முடித்து இரண்டு வருஷமாக வீட்டில்தான் இருந்தான்.

பஸ் வந்துவிட்டது. அதோடு போயிற்று என்று நினைத்தேன். அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது கூடத்தில் பேச்சுக்குரல் கேட்டது. மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்திருந்தாள்.

"கடைத்தெருவுல பாத்தேன் தங்கச்சி. பாண்டிச்சேரியிலேர்ந்து வந்துட்டான்போல" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பினார்.

நான் அம்மாவை உள்ளே இழுத்துப்போய், "வேண்டாம்மா. அங்க லீவே கெடையாது. செல்வராசுக்கு என்ன ஆச்சுன்னு ஒனக்குத் தெரியும்ல?" என்றேன்.

"ரெண்டு வருஷமா ஏழு நாளும் லீவுல கெடக்கானேடி. இன்னும் என்ன லீவு?" என்று என் கையை உதறிவிட்டு அம்மா போய்விட்டாள்.

வாசலுக்கு வந்தபோது தம்பி சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்திருந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

"எத்தன மணிக்குண்ணே விடுவாங்க?" என்று அவரைக் கேட்டான்.

"வேலைல எறங்கிட்டா மணியெல்லாம் ஞாபகத்துக்கே வராதுடா தம்பி" என்று சொல்லிக்கொண்டே மேஸ்திரி பெடலை மிதித்தார்.